ஐஸில் வைத்த அச்சாறு

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
8-7-1975

அன்புள்ள அத்தானுக்குப் பிலோமினா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பம்பாயில் மழை பலம் என்று ரேடியோவில் சொன்னார்கள். நனையாமல் ஆபீசுக்குப் போய் வாருங்கள். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு வீட்டு வேலை காரணமில்லை.

பிள்ளை இசபெல்லாவுக்கு அம்மை இறங்கிவிட்டது. ஆனால் எதைக் கொடுத்தாலும் துப்பினாள். கழுத்தெலும்பு தெரிந்தது. கடைசியில் நீங்கள் எழுதினபடியே செய்தேன். தயிர்க்காரி இசக்கித்தாயிடம் கட்டித் தயிர் வாங்கித் துணியில் கட்டி அரை நாள் தொங்கவிட்டேன். தண்ணீரெல்லாம் வடிந்து வெண்ணெய் போல ஆனது. நார்த்தங்காய் அச்சாறை அம்மியில் நசுக்கி அதில் கடைந்தேன். மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் ஒரு கட்டி வாங்கி உடைத்து, கல்லுப்பைக் கொட்டி, கிண்ணத்தைப் புதைத்தேன். உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் குளிரும். நான் பி.எஸ்ஸி. படித்தது அன்றைக்குத்தான் இந்த வீட்டுக்கு உதவியது. மாமி எட்டிப் பார்த்து, தயிரும் இருக்கு, அச்சாறும் இருக்கு, சோத்த எங்கன ஏளா தொலச்ச என்றார்கள்.

சளி பிடிக்குமோ என்று பயந்துகொண்டே கொடுத்தேன். மரவள்ளி வத்தலை முக்கி முக்கித் தின்றாள். கிண்ணத்தை விரலால் வழித்தாள். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று மாமி நினைத்துக்கொண்டார்கள்.

அத்தான், நம் வீட்டில் பிரிட்ஜ் ஏது?

அன்னைக்கு நீ பிரிட்ஜில் வைத்துத் தந்தாயே, ரெண்டு பேரும் ஒரே கிண்ணத்தில் தொட்டுத் தின்றோமே, அதையே பிள்ளைக்குக் கொடு என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அதுவரை செய்ததே இல்லை. ஆலந்தலையில் அம்மா வீட்டிலோ, கல்யாணமான புதிதில் போன ஹோட்டலிலோ என்று நினைவில் எங்கெங்கோ தேடிப் பார்த்தேன். உங்களுக்காகத்தான் தேடினேன். பிறகு ஒரு சொல் கண்ணில் பட்டது. அச்சாறை ஊறுகாய் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருஷக் கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் அச்சாறுதான். அச்சாறு தீர்ந்தது, அச்சாறு அனுப்பு. ஆறு மாதமாக அதையும் கேட்கவில்லை. ஊறுகாய் என்று சொல்கிற ஒருத்தியோடு பேசிப் பேசி உங்கள் கையும் அப்படியே எழுதப் பழகிவிட்டது.

மாமியிடம் சொல்லவில்லை. இசபெல்லா தினமும் ‘அப்பா தயிர்’ கேட்கிறாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. அந்தப் பெண்ணின் கைப்பக்குவத்தில் என் பிள்ளை தேறுகிறாள். கிண்ணத்தைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கும் தயிர் கட்டுவேன்.

இருபத்தாறாம் தேதி மாதா கோயில் கொடியேற்றம். வருவதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள். ஒன்றும் கேட்க மாட்டேன் என்று பொய் எழுத வரவில்லை. கேட்பேன். முதலில் சோறு போட்டுவிட்டுக் கேட்பேன். தொட்டுக்கொள்ள அச்சாறு என்று கேளுங்கள். வேறு பெயர் சொல்லிக் கேட்டால் எனக்கு எடுத்து வைக்கக் கை எழாது.

மாதா உங்களைப் பத்திரமாக இங்கே கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
பிலோமினா