முழுமையாகக் குணம்

ஜூன் 4

டாக்டர் அவர்களுக்கு,

மூன்று வருடம் குடித்தனம் நடத்தியும் உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குப் பழகவில்லை. அக்கா வீட்டில் சௌக்கியமாகவே இருக்கிறேன். மாடி அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறாள். அத்தான் ஒரு கேள்வி கேட்கவில்லை. அச்சகத்தில் பிழை திருத்தும் என் பழைய வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது.

இது மூன்றாவது கடிதம். கேட்பது ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் நான் உங்களிடம் மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேனே, அந்த ஃபைல் வேண்டும். அது இல்லாமல் மருந்தை முடிவு செய்ய மாட்டேன் என்கிறார் நான் இப்போது பார்க்கும் டாக்டரம்மா. பீரோவைத் திறக்க உங்களுக்கு நேரமில்லை என்றால் சொல்லுங்கள், நானே வந்து பூட்டை உடைக்கிறேன்.

ஆமாம், கோபம்தான். பால் பொங்கி வழிந்ததற்குக் கத்தினால்கூட, "இன்னைக்குச் சரியாத் தூங்கினியா?" என்று என் கண்ணை உற்றுப் பார்ப்பீர்கள். சண்டை போடக்கூட எனக்கு அந்த வீட்டில் ஆள் இல்லை.

இன்றைய தேதிவரை உங்கள் மனைவி,
அம்மு

ஜூன் 11

அன்பு அம்முவுக்கு,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. உன் நிலையில் இருப்பவர்களுக்கு நெருக்கமானவர்கள் மேல்தான் அது திரும்பும். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஃபைலை அனுப்பியிருக்கிறேன். நீ பிரிக்க வேண்டாம். உறையோடு டாக்டரிடம் கொடுத்துவிடு. பழையதைப் படித்தால் மனசு கலங்கும்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சட்டைக்குப் பொத்தான் தைக்கக்கூட எனக்குத் தெரியவில்லை. சீக்கிரம் வந்துவிடு.

என்றும் உன்னுடையவன்

ஜூன் 15

டாக்டர்,

பிரித்தேன். படித்தேன். பிழை பார்ப்பவளிடம் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் படிக்காதே என்றால் எப்படி?

கல்யாணத்துக்கு முந்தைய மார்ச் ஏழாம் தேதி உங்கள் கையெழுத்தில்: "தூக்கம் இல்லை. அழுகை தொடர்கிறது. இன்னும் ஒரு வருடத்துக்கு மருந்தை நிறுத்தக் கூடாது." பதினான்காம் தேதி, அதே கையெழுத்தில்: "முழுமையாகக் குணம். மருந்து நிறுத்தப்பட்டது. ஃபைல் மூடப்பட்டது." நடுவில் ஏழே நாள். அந்த ஏழு நாளும் நான் ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. உங்களிடம் சொல்லவும் செய்தேன். பதினைந்தாம் தேதி காலையில் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றீர்கள். "இனிமே நீங்க என் பேஷன்ட் இல்ல. ஒரு காபி சாப்பிடலாமா?" என்றீர்கள். எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று பூரித்துப்போனேன்.

பாவி மனுஷா! என்னைக் கட்டிக்கொள்வதற்காகக் காகிதத்தில் என்னைக் குணமாக்கிவிட்டீர்களே!

இந்த வருடம் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "புதுசா வந்திருக்கு" என்று எல்லோரிடமும் சொன்னீர்கள். "டாக்டர் புருஷன் பக்கத்துலயே இருந்தும் உனக்கென்னடி கேடு?" என்று அக்காவே கேட்டாள். நானும் என்னைத்தான் திட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு இப்போது குழப்பம். பழைய நோய் தீர்ந்துபோய் இது வேறு நோயாக வந்ததா, பழையதுதான் தீராமல் இருந்ததா என்று தெரிய வேண்டுமாம். அதற்கேற்ப மருந்தே மாறுமாம். "ஒரு வாரத்துல எப்படிம்மா குணமாச்சு? எழுதினவர்தான் சொல்லணும்" என்கிறார். சொல்லுங்கள். பதினான்காம் தேதி எழுதியது பொய் என்று கையெழுத்துப் போட்டு அவருக்கு எழுதுங்கள். முப்பதாம் தேதி நான் போக வேண்டும்.

அம்மு

ஜூன் 21

அம்மு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வைத்தியத்துக்கு வரும் பெண்ணிடம் டாக்டர் மனதைக் கொடுக்கக் கூடாது. அந்த விதியை மீறக் கூடாதென்றுதான் ஃபைலை மூடினேன். அன்றைக்கு நர்ஸ்கூடச் சொன்னார், "டாக்டர், அந்தப் பொண்ணு இன்னும் தேறலையே" என்று. "எனக்குத் தெரியும், நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்று அதட்டினேன். நீ தேறிவிட்டாய் என்று நானே நம்பிவிட்டேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. ஆனால் அந்த ஆசை பொய்யில்லை.

எழுதிக் கொடுத்தால் என் உரிமம் போய்விடும். பதினைந்து வருட உழைப்பு. எத்தனை பேர் என்னை நம்பி வருகிறார்கள் என்று உனக்குத் தெரியும். நீ வீட்டுக்கு வா. மருந்தை நானே பார்த்துச் சரிசெய்கிறேன். உன்னை என்னைவிட யாருக்குத் தெரியும்?

உன்னுடையவன்

ஜூன் 23

டாக்டர்,

நீங்களே பார்த்துச் சரிசெய்வீர்களா? கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுத் திரும்பப் பொறுக்கி எடுத்தேன், பதில் எழுதுவதற்காக.

என்னைத் தெரியுமாம்! உங்கள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து நான் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொன்னதெல்லாம் தெரியும். உங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? உங்கள் அப்பா எப்படிச் செத்தார் என்பதே மாமியார் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு நாளாவது என்னிடம் வாய் திறந்து "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறீர்களா? நான் ஒருத்திதான் சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டுத் தலையாட்ட வேண்டும்.

உங்களை நம்பி வருகிறவர்களில் ஒருத்திதான் நானும். உங்கள் உரிமத்துக்காக நான் தப்பான மருந்தைத் தின்ன மாட்டேன். நீங்கள் எழுதாவிட்டால் அந்த இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு நானே மருத்துவக் கவுன்சில் படியேறுவேன்.

அம்மு

ஜூன் 28

அம்மு,

உன் டாக்டருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். உனக்காக அதை இங்கே எழுதுகிறேன்: "மார்ச் பதினான்காம் தேதிக் குறிப்பு உண்மையல்ல. நோயாளி அன்று குணமாகியிருக்கவில்லை. அவரை மணக்க விரும்பியதால் மருந்தை நிறுத்தி ஃபைலை மூடினேன்." இந்த மூன்று வரிக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கவுன்சிலுக்கும் ஒரு நகல் போட்டுவிட்டேன்.

என்ன ஆகுமோ தெரியவில்லை. பயமாக இருக்கிறது. மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. உன்னிடம்தான் இதைச் சொல்ல முடியும். ஒரே ஒரு தடவை வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லட்டுமா?

உன்னுடையவன்

ஜூலை 9

டாக்டர்,

டாக்டரம்மா உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பழைய மருந்தையே திரும்பத் தொடங்கியிருக்கிறார். நேற்று ஆறு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் உங்கள்மேல் கோபம்தான் வந்தது. இந்தத் தூக்கம் மூன்று வருடமாக எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. அந்த ஆற்றாமை இப்போதைக்குத் தீராது.

நீங்கள் எழுதியது பெரிய காரியம்தான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வந்து சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன். பிறகு திரும்பி வந்து இதை எழுதுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை என்றால், பயமாக இருக்கிறது என்றால், நல்ல டாக்டராக ஒருவரைப் பாருங்கள். உங்களை முன்பின் தெரியாதவராக. அவருக்கு எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். என்னிடம் வராதீர்கள்.

அம்மு