நாலு சக்கரமும் இழுக்கிற உங்கள் வண்டி

என் அருமை அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் இருக்கிற இடத்தில் யாரிடம் காட்டப்போகிறீர்கள் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நம் பிளாக்கிலிருந்து போனவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால்கூட மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியாவது மாமாவிடம் வந்துவிடும். மாமாவிடம் எல்லாம் வந்துவிடுகிறது. உங்கள் நாற்காலி வந்துவிட்டது, டார்ச் லைட் வந்துவிட்டது, வண்டியும் வந்துவிட்டது.

உங்கள் வேலைக்குப் பதிலாக அம்மாவுக்கு ஆபீஸில் வேலை கொடுத்தார்கள். அதனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவில்லை. ஆண் துணை இல்லாமல் எப்படி என்று எல்லோரும் கேட்டதால் அம்மா தன் தம்பியை வரச்சொன்னாள். மந்தாரக்குப்பத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறாரே, அந்த மாமாதான். வந்த அன்றைக்கே கொல்லைப்பக்கம் போய் உங்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார்.

சுரங்கத்தில் பெரிய மிஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர் ஊருக்குத் திரும்பும்போது உங்களிடம் விற்றுவிட்டுப் போன கார் அது. "எல்லா வண்டியும் பின்னாலேருந்து தள்ளும்மா. இது ஒண்ணுதான் முன்னால நின்னு இழுத்துட்டுப் போகும்" என்பீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் தெரியுமா அப்பா?

இப்போது அது பின்னாலும் தள்ளுகிறது. காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவர் தன் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஜீப்பு ஏர்ற மேட்டுல உன் பொட்டி ஏறுமா?" என்று மாமாவைக் கேட்டிருக்கிறார். "ஏறலன்னா மீசைய எடுத்துட்றேன்யா" என்று மாமா சொல்லிவிட்டார். ஒரு மீசைக்காகத்தான் இவ்வளவும்.

எஞ்சினைக் கழற்றிக் கொல்லையில் போட்டார்கள். சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்டன் போட்டார்கள், அதை மேலே மூடுகிற ஹெட்டைச் சீவினார்கள், ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார்கள். நாம் பொங்கல் வைக்கிற பெரிய அலுமினியக் குண்டானில் மண்ணெண்ணெய் ஊற்றி பேரிங் கழுவினார்கள். அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். இன்னும் நாற்றம் போகவில்லை. உங்கள் நீலக்கோடு போட்ட அரைக்கைச் சட்டையைக் கிழித்துக் கை துடைத்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

பிறகு காஸ் கட்டரால் வண்டியின் அடிவயிற்றை நடுவே அறுத்தார்கள். தம்பி குமரனும் நானும் கால் வைத்துக்கொள்ளுகிற இடம் அப்பா. பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகும் நீளத் தண்டு அதன் வழியாகப் போக வேண்டுமாம். இப்போது அங்கே ஒரு தகரக் கூன் நிற்கிறது. பின்னால் ஏதோ செத்த ஜீப்பின் ஆக்ஸில். லைட் பிடிக்கும்போது என் கை ஆடியது என்று மாமா ஸ்பேனரால் என் விரல் முட்டியில் ஒரு தட்டு தட்டினார். அதிலிருந்து அவர் செருமினாலே லைட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பூஜை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பிளாக்கே கூடி நிற்க, மாமா கியரைப் போட்டார். முன்சக்கரத்துப் பழங்கள் நசுங்கின. பின்சக்கரத்துப் பழங்களோ நசுங்காமல் முன்பக்கமாக உருண்டு ஓடின. வண்டி நின்ற இடத்திலேயே நின்று உறுமியது; முன்சக்கரம் ஒரு பக்கம் போகிறது, பின்சக்கரம் எதிர்ப்பக்கம் போகிறது! ஆக்ஸிலைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர், "இன்னா மாப்ள, புருசன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்குது!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாமா என்னைத்தான் பார்த்தார்.

அதைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். இன்று ஓட்டியும் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் எஞ்சின் நன்றாகவே பாடுகிறது. நான் ஒரு நிமிஷம் நின்று கேட்டேன். கேட்டேனே என்றுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

பயம் அதற்கப்புறம் வந்தது. மண்ணில் ஏறும்போது பின்பக்கம் கனம் போதவில்லையாம், சக்கரம் வழுக்குகிறதாம். "மணல் மூட்ட போடேன்" என்றார் பட்டறைக்காரர் ஒருவர். "மூட்ட நவுந்துகினே இருக்கும்யா. நம்ம குமரன ஏத்திக்கலாம், பட்டறப் பசங்க ரெண்டு பேரயும் சேத்துக்கலாம். கெட்டியா புடிச்சிகினு உக்காருவானுங்க" என்றார் மாமா.

எந்த மேடு என்று நான் சொல்ல வேண்டுமா? சுரங்கத்து மண்ணைக் கொட்டி வைத்திருக்கிற அதே மேடு. போன மழையில் உங்கள் மேல் சரிந்த மேடு. இரண்டு நாளாக இங்கே திரும்பவும் மழை.

அம்மா, "அவன் சின்னப் புள்ளடா" என்றாள். "இன்னாக்கா நீ, நான் வூட்டு ஆம்பள இல்ல? எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா. அம்மா திரும்பவும் கத்திரிக்காயை நறுக்க ஆரம்பித்தாள். உங்களைத் தூக்கி வந்த அன்றைக்கு அம்மா போட்ட சத்தம் எங்கே போயிற்று? அம்மா மேலும் எனக்கு வெறுப்பாக இருக்கிறது. இப்படி எழுதலாமா?

விடிந்தால் பந்தயம். குமரனுக்கு ஒரே குஷி. தூங்கும்போது விட்டுவிட்டுப் போய்விடுவார்களாம், அதனால் ஸ்கூல் ஷூவைப் போட்டுக்கொண்டே படுத்திருக்கிறான்.

வெளியூரில் நிறுத்தினால், எஞ்சினுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து உள்ளே சுற்றுகிற சின்ன ரோட்டரைக் கழற்றி என் கையில் கொடுப்பீர்களே, நினைவிருக்கிறதா? "இது இல்லாம எந்தக் கொம்பன் வந்தாலும் வண்டி கிளம்பாது." திருவதிகைக் கோயிலில் ஒரு கையில் அதையும் மறு கையில் சுண்டலையும் வைத்துக்கொண்டு பிரகாரம் சுற்றியிருக்கிறேன். வண்டியில் மாமா மாற்றாமல் விட்டது அது ஒன்றுதான். ஜெர்மன் சாமான், மந்தாரக்குப்பத்தில் கிடைக்காது.

அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது கழற்றிவிட்டேன். என் மடித்துக் கட்டிய சடைக்குள், ரிப்பனுக்கு அடியில் இருக்கிறது. தலைமுடியெல்லாம் ஆயில் வாடை. தலையணையில் சாயும்போது குத்துகிறது. மாமா என்னைச் சோதித்தாலும் சடையை அவிழ்த்துப் பார்க்கத் தோன்றாது என்று நினைக்கிறேன். தோன்றிவிட்டால்?

சற்று முன் கொல்லையில் எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தார்கள். செல்ஃப் மட்டும் சுற்றிச் சுற்றி இளைத்து நின்றது. மாமா கெட்ட வார்த்தை சொன்னார். இப்போது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிக்கொள்கிறார்கள்.

முட்டியில் எத்தனை அடி விழுந்தாலும் கொடுக்க மாட்டேன் அப்பா. அந்த மண்ணுக்கு நம் வீட்டிலிருந்து இன்னொருவரை அனுப்ப மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மூத்தவள்,
குமரனின் அக்கா

கதவைத் தட்டுகிறார்கள். மாமா இல்லை, மாமா கத்திக்கொண்டேதான் தட்டுவார். இது வெளியே கேட்கக்கூடாது என்று விரல் நுனியால் தட்டுகிற தட்டு. அம்மாவா