நைட்டியோடு கடைக்குப் போன வெள்ளிக்கிழமை

நாளை விமானம். விழுப்புரத்து வீட்டில் பெட்டியைத் திறந்து, பழைய கறுப்பு அங்கியை உதறினேன். அரபு வீட்டின் சாம்பிராணி வாசனை இன்னும் போகவில்லை. இந்த முறை நீ இல்லாமல் போகிறேன்.

முதல் தடவை ஒரே தெருவிலிருந்து நாம் இருவரும் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குக் கிளம்பினோமே, ஞாபகம் இருக்கிறதா? "கழுத்துலேர்ந்து காலு வரைக்கும் மூடியிருக்கணும்" என்றார் ஏஜெண்டு. திண்டிவனம் கடைத்தெருவில் புது நைட்டிகளாக வாங்கிக் குவித்தோம். நம் தெருவில் நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் ரேஷன் கடைக்கும் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் விடலாம். அதைவிட மூடிய உடுப்பு ஏது?

போய்ச் சேர்ந்த வாரம், வெள்ளிக்கிழமை, நைட்டியும் தலையில் துப்பட்டாவுமாகக் கடைக்குப் போனோம். பக்கத்தில் ஒரு கார் நின்றது. கறுப்பு அங்கி அணிந்த ஒரு பெண் இறங்கி, போனைக் கையில் வைத்துக்கொண்டு அரபியில் கத்தினாள். கடைக்கார மலையாளிதான் ஓடிவந்து தமிழில் சொன்னார்: "இது இங்க படுக்கும்போது போடுற டிரஸ். நீங்க வீட்ட விட்டு ஓடி வந்துட்டீங்கன்னு போலீசைக் கூப்பிடுறாங்க."

பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் நம் வீட்டுக்கு யார் சொல்வார்கள்?

நீதான் பேசினாய். "ஏம்மா, எங்க ஊர்ல இதாம்மா மரியாதை. பாரு, காலு கூடத் தெரியல." கடைக்காரர் அதை அரபியில் சொன்னார். அவள் போனை இறக்கினாளே தவிர நம்பவில்லை. வீட்டைக் காட்டச் சொல்லி, காரை மெல்ல ஊரவிட்டுப் பின்னால் வந்தாள். "அழாதடி, நேரா பாத்துக்கினு நட" என்று என்னை முன்னால் விட்டு, காருக்கும் எனக்கும் நடுவில் நீ நடந்தாய். வீட்டம்மா வெளியே வந்து, தலையில் அடித்துக்கொண்டு நம்மை உள்ளே இழுத்த பிறகுதான் கார் நகர்ந்தது. அன்றே இந்த அங்கிகள் வந்துவிட்டன.

அதற்குப் பிறகு அங்கிருந்த வருடங்களையெல்லாம் உன் தைரியத்தை நம்பியே ஓட்டினேன்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நீ கடைசியாக நோயில் படுத்திருந்தபோது அதைச் சொன்னேன். சிரித்துவிட்டாய்.

"தைரியமாவது! நைட்டியோட மூத்திரமே போயிட்டேன்டி. அதான் உன்ன முன்னாடி உட்டேன். கார்க்காரி பாத்தா பாத்துட்டுப் போறா. நீ பாத்தா நடக்கவே மாட்ட."

பயமாக இருக்கிறதடி. உனக்கும் இருந்தது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நாளை நடக்கப்போகிறேன்.