கனமான மூட்டையைக் கலா எடுக்கமாட்டாள்

கிளேட்டன், மெல்பர்ன்
20.7.1976

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை வாசுதேவன் வணங்கி எழுதுவது. இங்கே கலாவும் குழந்தையும் நானும் நலம். இந்த வரியை எழுதுவதற்கு முன் எழுந்து போய்த் தொட்டிலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ரஞ்சினி உதட்டைக் கோணிக்கொண்டு தூங்குகிறாள். பிறந்தபோது இரண்டு கிலோகூட இல்லாதவள் இப்போது மூன்றே கால் கிலோ. அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறார்களா என்று கலா தினமும் என்னிடம் கேட்கிறாள், எனக்கு ஏதோ தெரிந்திருப்பதைப் போல.

உங்கள் கடிதம் போன வாரம் வந்தது. இரண்டு விஷயம் எழுதியிருந்தீர்கள். வீட்டில் என்ன கரி எரிக்கிறீர்கள், அது நல்ல கரிதானா என்பது ஒன்று. கைக்குழந்தைக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது, ஆகஸ்ட் கடைசியில் மெல்பர்னிலிருந்து ஊருக்கு வரும் இந்திரகுமார் குடும்பத்தோடு கலாவையும் குழந்தையையும் நெய்வேலிக்கு அனுப்பிவையுங்கள், ஆறேழு மாதம் இருந்துவிட்டுத் திரும்பட்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் எழுதுவது சுலபம். தெரிந்த கேள்வியை முதலில் எழுது என்றுதான் பல்கலைக்கழகத்தில் என் மாணவர்களுக்கும் சொல்வது. அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

எங்களுடையது பலகைச் சுவர் வைத்த வாடகை வீடு. கூடத்தில் ஓர் இரும்பு அடுப்பு, புகை போகக் கூரைக்கு மேல்வரை குழாய். அதில் எரிப்பது பழுப்பு நிலக்கரியை அழுத்திச் செய்த கட்டி. பிரிக்கெட் என்கிறார்கள். முதல் கட்டியைக் கையில் எடுத்ததுமே கலா, இது நம்ம ஊர்க் கரிக்கட்டிக்குப் பெரியப்பா பிள்ளை, ஆனா சுடாம அப்படியே அழுத்தியிருக்காங்க, புகையத்தான் செய்யும் என்றாள். விறகு மண்டியில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது.

இங்கே குளிர்காலம் தொடங்கும் மே மாதத்தில், பிரசவத்துக்காக அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மூட்டை வாங்கியவன் நான். எல்லா மூட்டையும் ஒரே விலைதானே, அப்படியென்றால் கனமானதை எடுப்பவன்தானே புத்திசாலி? மண்டியில் இருந்த தராசில் பதினோரு மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கி, மிகக் கனமான நான்கைத் தேர்ந்தெடுத்தேன். மண்டிக்காரர் மிஸ்டர் ஹார்வி பார்த்துக்கொண்டே நின்றார். என் கணக்குத் திறமையைக் கண்டு அசந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கலா குழந்தையோடு வீட்டுக்கு வந்தாள். அடுப்பு புகைந்தது. கண் எரிந்தது. வீடு மட்டும் சூடாகவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தலையில் மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, பழைய செய்தித்தாளைப் பின்கட்டில் விரித்து, ஒரு மூட்டையை அப்படியே கவிழ்த்தாள். பச்சை உடம்புக்காரி கரி மூட்டையைக் கவிழ்ப்பதா என்று நான் கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை. முழுக்கட்டி ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் என்று பிரித்தாள். தூள்தான் மலையாக நின்றது. மூட்டையின் அடியைத் தடவினாள். ஈரம். கனமா இருந்தா கரி அதிகம்னு யாருங்க சொன்னது, தண்ணிதான் அதிகம், நாலு மூட்டை தண்ணிய சுமந்துட்டு வந்திருக்கீங்க என்றாள். அவள் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

மாமா, நீங்கள் நெய்வேலிக் கரிக்கட்டி ஆலையிலேயே இருப்பவர், உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. ஆனால் எனக்குப் புதிது. நல்ல கட்டி என்றால் ஓரம் கூராக இருக்கவேண்டுமாம். முகத்தில் மெல்லிய பளபளப்பு வேண்டுமாம். பட்டை பட்டையாக விரிசல் ஓடியிருந்தால் அது எங்கோ மழையில் நனைந்து உப்பிய கட்டி, அடுப்பில் போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து கம்பிச்சட்டத்தை அடைத்துவிடும். சந்தேகமாக இருந்தால் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். ஜில்லென்று ஒட்டினால் ஈரம். கடைசியாக இரண்டு கட்டிகளை ஒன்றோடொன்று தட்டுவாள். காய்ந்தது 'டக்' என்று சொல்லும், நனைந்தது 'பொத்' என்று சொல்லும். எனக்கு முதலில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. இப்போது பத்துக்கு ஏழு சரியாகச் சொல்கிறேன். ஏழுக்கு அவள் முதல் வகுப்புத் தரமாட்டாள்.

பெண் பார்க்க வந்தபோது, பொண்ணு ஆலையின் சோதனைக்கூடத்தில் கரி பரிசோதிக்கிறாள் என்று நீங்கள் சொன்னீர்கள். கரியைச் சோதிக்க ஒரு படிப்பா என்று எங்கள் பெரியம்மா வண்டியில் திரும்பும்போது சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை மண்டிக்கு அவளே வந்தாள். சுவரோரத்து அடுக்கு வேண்டாம், சிமென்ட் தரையில் இருப்பதும் வேண்டாம், நடு அடுக்கில் நடு மூட்டையைப் பார்க்கலாமா என்று மிஸ்டர் ஹார்வியிடம் மரியாதையாகத்தான் கேட்டாள். எல்லாம் ஒரே ரயிலில் வந்த கரிதானம்மா என்று அவர் அலுத்துக்கொண்டார். கலா சுவரோர மூட்டையிலிருந்து இரண்டு கட்டி எடுத்து அவர் காதருகே தட்டினாள். நடு மூட்டையிலிருந்து இரண்டு எடுத்துத் தட்டினாள். மனிதர் வாயிலிருந்த சிகரெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு தடவை தட்டச் சொன்னார். முப்பது வருடமாகக் கரி விற்பவர், மாமா! இப்போது அந்த மண்டியில் தரையில் பலகை போட்டுத்தான் மூட்டை அடுக்குகிறார்கள். புது லோடு வந்தால் மிஸஸ் வாசு பார்த்துவிட்டாளா என்று அவரே கேட்கிறார். எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்குக் கலாதான் கரி பார்த்துக் கொடுக்கிறாள். எனக்கு அங்கே பெயர் கிடையாது. கரிக்காரியின் புருஷன், மூட்டை தூக்குபவன். எனக்கு அது போதும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சிறு காகிதப் பொட்டலம் வரும். விபூதி என்று நெற்றியில் இட்டுவிடாதீர்கள். எங்கள் அடுப்புச் சாம்பல். வாரா வாரம் சாம்பலை பிஸ்கட் டின் மூடியில் எடுத்து, நிறம் பார்த்து வைக்கிறாள் உங்கள் மகள். இதை எதற்கு அனுப்புகிறாய் என்று கேட்டேன். அப்பா விரல்ல தேய்ச்சுப் பார்த்தார்னா கரி நல்லா எரிஞ்சிருக்கு, வீடு சூடா இருக்குன்னு தெரிஞ்சுக்குவார் என்றாள்.

இனி இரண்டாவது கேள்வி.

உங்கள் மகள் இவ்வளவு கெட்டிக்காரி, குளிர் எங்களை ஒன்றும் செய்யாது, அனுப்பத் தேவையில்லை என்று எழுதி உறையை ஒட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். மேலே எழுதியதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். மீதியை எழுதக் கூடாது என்று கலா சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரிஞ்சா உடனே டிக்கெட் எடுத்து அனுப்பிடுவார் என்றாள். அவள் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன்.

இந்த மாதம் பத்தாம் தேதி, சனிக்கிழமை காலை. ரஞ்சினியை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டித் தூங்கப் போட்டுவிட்டு, எதிர்வீட்டுக்குக் கரி பார்க்கக் கலா மண்டிக்குப் போனாள். அத்தை கப்பல் பார்சலில் அனுப்பிய சாம்பிராணி நினைவுக்கு வந்தது எனக்கு. குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டாமல் விடலாமா? அவள் வரும்போது வீடு மணக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அடுப்பில் தகதகவென்றிருந்த மூன்று கட்டிகளை இடுக்கியில் எடுத்து, தோசைக்கல்லில் வைத்து, குழந்தையின் அறைக்குக் கொண்டுபோனேன். சாம்பிராணியைத் தூவினேன். நன்றாக மணந்தது. அறையும் கதகதப்பாயிற்று. இந்தச் சூடு வீணாவானேன் என்று கல்லை ஒரு மூலையில் அப்படியே வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டில் பக்கத்தில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன்.

அந்த அறையின் ஜன்னல் இடுக்கை எல்லாம் நானே பழைய புடவைக் கிழிசலை வைத்து அடைத்திருந்தேன், குழந்தைக்குக் காற்று படக்கூடாது என்று. நம் ஊரில் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கும், கூடத்தில் கரிச்சட்டியோடு சுற்றி வருவார்கள். அந்தப் பழக்கத்தை நான் அப்படியே இந்தப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்தேன். தலை வலித்தது. தூக்கம் வந்தது. முந்தின ராத்திரி கண்விழித்ததால் என்று நினைத்தேன். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது வரைதான் எனக்கு நினைவு.

மற்றதைக் கலா சொல்லித்தான் அறிந்தேன். வாசற்படியிலேயே சாம்பிராணி வாசனை வந்ததாம். முதலில் சந்தோஷப்பட்டாளாம். அடுத்த நொடி, கரியை எதில் வைத்திருப்பார், எங்கே வைத்திருப்பார் என்று தோன்றியதாம். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்து கதவை உதைத்துத் திறந்து, குழந்தையை வாரிக்கொண்டு வெளியே குளிர்காற்றில் நின்றாள். பிள்ளை அழவில்லை. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. எதிர்வீட்டு நாகேஸ்வரி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே நர்ஸ், ஓடி வந்தார். குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தார். அப்புறம்தான் ரஞ்சினி அழுதாளாம். பிள்ளை அழுறது நல்லது, அழட்டும் விடுங்கோ என்று அக்கா சொன்னதை, நினைவு திரும்பிப் புல்தரையில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த நானும் கேட்டேன். என்னையும் அறையிலிருந்து இழுத்து வெளியே போட்டவள் கலாதான், அக்கா கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு. அறுபத்தெட்டு கிலோ, மாமா. கனமான மூட்டையை எடுக்கமாட்டேன் என்பவள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். வாசனையில்லாத விஷவாயு, இன்னும் கால்மணி நேரம் போயிருந்தால் என்று தொடங்கினார். கலா அவரை முடிக்க விடவில்லை. ஜன்னல் ஏன் அடைத்திருந்தது என்று கேட்டதற்கு, நான்தான் அடைக்கச் சொன்னேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னதே இல்லை. இன்றுவரை என்னை ஒரு சொல் சொல்லவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்றுத் தூக்கம் வந்திருக்கும்.

ஆக, கரியைப் பற்றி நீங்கள் பயப்படவேண்டாம். கரி பார்க்கத் தெரிந்த ஒருத்தி இந்த வீட்டில் இருக்கிறாள். பயப்பட வேண்டியது என்னைப் பற்றித்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, பெண்ணை அனுப்பிவை என்று மறுபடி எழுதுவீர்களானால் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். நானே விமானம் ஏற்றிவிடுவேன். எழுதாதீர்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. அவள் போய்விட்டால் இந்த அடுப்பை நான் எப்படிப் பற்றவைப்பேன் என்று மட்டும் யோசித்துப் பார்த்தேன். பற்றவைக்கமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

எது எழுதினாலும், உங்கள் ஆசீர்வாதத்தை மட்டும் எங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே உறையில் இந்த ஒரே விலாசத்துக்கு எழுதுங்கள் மாமா. அத்தைக்கு என் வணக்கம்.

என்றும் தங்கள்,
வாசுதேவன்

அப்பா,

கலா எழுதுகிறேன். சாம்பல் பொட்டலத்தை வைக்க உறையைத் திறந்தேன், எல்லாவற்றையும் படித்துவிட்டேன். எழுதாதீர்கள் என்றால் இவர் கேட்டால்தானே. கிழிக்கத்தான் எடுத்தேன், மனசு வரவில்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். அன்றிலிருந்து ராத்திரியில் அந்த ஜன்னலை நாலு விரல் திறந்துவைத்து, காற்றடிக்கிற பக்கம் இவர்தான் படுக்கிறார். நடுநடுவே எழுந்து பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறார். இருமல் வந்துவிட்டது. அதை எழுதவில்லை பாருங்கள்.

இந்த முறை நான் வரவில்லை அப்பா, கோபிக்காதீர்கள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இந்திரகுமார் அண்ணன் இங்கே திரும்பும்போது அவரிடம் அரைக் கிலோ சாம்பிராணி கொடுத்தனுப்புங்கள். இங்கே தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் போடவேண்டும்.

கலா