லிஸ்ட் வரும் வரைக்கும்

இன்று காலை துபாயில் நம் ஜெபல் அலி கிடங்கில், கார் ஸ்பேர் பார்ட்ஸ் வந்த ஒரு மரப்பெட்டியைப் பிரித்தேன். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் மெழுகும் புது ரப்பரும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. இங்கிலாந்திலிருந்து வரும் கடைசிப் பெட்டி இதுதான் என்று மேனேஜர் நேற்றே சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது, மாப்ளே.

நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த இங்கிலாந்துக் காருக்கு என்ன மவுசு! ஒரே ஒரு கதவுப்பிடிக்காக ஷேக் வீட்டு டிரைவர்கள் கவுண்டரில் காத்துக்கிடப்பார்கள். சரக்கு இல்லை என்பதை நீ "மாஃபி" என்று காயல்பட்டினத்து அரபியில் அதட்டுவாய். கல்யாணப் பந்தியில் பாயச வாளி வைத்திருப்பவனின் அதிகாரம் உனக்கு.

பிறகு இங்கிலாந்துக் கம்பெனி கைமாறியது. மறுபடியும் கைமாறியது. புதுக் கார் வருவது நின்று, ஷோரூமில் சீன வண்டிகள் ஏறின. நமக்கு மிஞ்சியது பழைய வண்டிகளுக்கான ஸ்பேர் பார்ட்ஸ் மட்டும். அதிலும் பாதிக்கு, தயாரிப்பு நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டரில் சிவப்பெழுத்து வரும். "முதல்ல எஞ்சின் நிக்காதுலே. கிளிப்பு, கதவு ரப்பரு, இந்தச் சின்ன சாமான்தான் நிக்கும். அப்பவே சுதாரிச்சுக்கணும்" என்பாய். நான் சிரிப்பேன். உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் சிரித்தேன்.

ஆள்குறைப்பு லிஸ்ட் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் கிடங்கே மாறிப்போனது. உடம்புக்கு முடியவில்லை என்று லீவு போடுகிறவன் பெயர்தான் முதலில் ஏறும் என்றார்கள். அப்படி ஏறியதை யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் எல்லோரும் நம்பினோம். காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிக்கொண்டு டியூட்டிக்கு வந்தோம். உன் மகளுக்கு அப்போதுதான் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த மதியம் நீ ரேக் ஏணியிலிருந்து பாதியில் இறங்கி வந்தாய்.

"எலே, நெஞ்சைப் பிசையுது. லீவு ஃபாரம் எழுதித் தா, ஆஸ்பத்திரி போயிட்டு வந்துர்றேன்."

இங்கிலீஷ் ஃபாரம் என்றால் உனக்கு நான்தான் எழுதுவேன். அன்றைக்கு எழுதவில்லை.

"கேஸா இருக்கும்லே. இஞ்சி தட்டிப்போட்டு சோடா குடி. லிஸ்ட் வரட்டும், அப்புறம் லீவு போடலாம்."

"ஆமாலே, நேத்து பரோட்டா தின்னேன்லா" என்று நீயும் உடனே ஒத்துக்கொண்டாய். பெரிதாக ஓர் ஏப்பம் வந்ததும் நம் இருவருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் அந்த ரேக்குகளுக்கு நடுவிலேயே விழுந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த வாரம் லிஸ்ட் வந்தது. நீ விழுவதற்கு முன்பே தயாரான லிஸ்ட்டாம். உன் பெயர் அதில் இல்லை.

இப்போது கிடங்கையே மூடப்போகிறார்கள். சிலரை மட்டும் வேறு பிரிவுக்கு எடுப்பார்களாம், அதற்கும் ஒரு லிஸ்ட். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் விசா போய்விட்டால் என்ன செய்வேன்? போதாக்குறைக்கு, போன வாரத்திலிருந்து ஏணி ஏறினால் எனக்கும் நெஞ்சு இறுகுகிறது.

நேற்று அல் குசைஸ் வீட்டில் மனைவி கேட்டாள், "ஏங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"கேஸ்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன்.

இன்று பெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் போய் மேனேஜரிடம் லீவு ஃபாரம் கேட்டேன். "லிஸ்ட் போற நேரத்துல வேணுமா பாய்? யோசிச்சுக்கோங்க" என்றார். நல்ல மனுஷர், எனக்காகத்தான் சொன்னார். எனக்கு வியர்த்துவிட்டது. மகளின் முகம் கண்ணில் நின்றது. அங்கேயே நின்றபடி, காரணம் என்ற இடத்தில் நெஞ்சுவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டாக்டர் என்ன சொல்வாரோ, லிஸ்டில் என்ன வருமோ, இரண்டுக்கும் பயமாக இருக்கிறது. அந்த ஃபாரத்தை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மாப்ளே. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நான் உனக்குத் தரவில்லை.