மதினி போட்ட பச்சை முளைப்பாரி

பங்குனி, செவ்வாய் ராத்திரி.

இன்னிக்கு முளைப்பாரி ஊர்வலம். மதினி கல்யாணமாகி வந்து முதல் தடவையா போட்ட பாரி. மத்த வீட்டுப் பாரியெல்லாம் வெளிர் மஞ்சளா நெடுநெடுன்னு நிக்குது. எங்க வீட்டுது மட்டும் குட்டையா, பச்சையா இருந்துச்சு. "விரதம் சரியில்ல போல"ன்னு எதிர்வீட்டுப் பெரியம்மா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க. மதினிக்குக் கண்ணு கலங்கிருச்சு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மதினியத் தனியா கூப்பிட்டுக் கேட்டேன். "முளைய இருட்டு ரூம்லயே வச்சிருக்கப் பாவமா இருந்துச்சு, தினமும் கொஞ்ச நேரம் ஜன்னலத் தொறந்து வச்சேன்"னாங்க.

அட, நான் லேப்ல வருஷக்கணக்கா பாக்குறதே இதத்தானே! அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். இருட்டுல தண்ட இழுத்து நீட்டுறது ஒரு புரதம். வெளிச்சம் பட்டா முளைக்குள்ள இன்னொரு புரதம் முழிச்சுக்கிட்டு அத அழிச்சிரும். நீளுறது குறைஞ்சு, இலை விரிஞ்சு, பச்சை புடிக்கும். விரதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அம்மா நேரா பெரியம்மா முன்னால போய் நின்னாங்க. "அக்கா, ஒங்க பயிறு வெளிச்சத்தத் தேடி நீண்டிருக்கு. எம் மருமக பயிறு அதப் பாத்துருச்சு. அம்புட்டுத்தான்." சட்டியத் தூக்கி மதினி தலையில வச்சு, "நீ முன்னால போத்தா"ன்னாங்க. அத்தனை மஞ்சளுக்கும் முன்னால எங்க பச்சை போச்சு.

சாப்பிடும்போது அம்மா கேட்டாங்க, "முழிச்சுக்கிதுன்னியே, அதுக்குப் பேரு என்னடி?" என் வேலையப் பத்தி அம்மா கேட்ட முதல் கேள்வி. பைட்டோகுரோம்னேன். ரெண்டு மூணு தடவ முணுமுணுத்துப் பாத்துக்கிட்டாங்க. காலைல பெரியம்மா வாசல் தெளிக்க வரும்போது சொல்லணுமாம்.