ஈக்ரெட் கால்வாயில் ஐந்து மைல்

பிப்ரவரி 7

தண்ணீர் பத்தரை அடி. மழை விட்டபாடில்லை. ட்ரக்கின் பேட்டரி மறுபடியும் செத்துவிட்டது.

மிஸ்டர் இனாபா வந்திருந்தார். கரை வாரியத்துக்கு அவர்தான் மேலாளர். எழுபது வயதிலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் டிரெய்லர் வீட்டுப் படியேறுவார். கவுண்டி நிர்வாகத்திலிருந்து ஆணை வந்துவிட்டதாம்: வெள்ளம் வடியும்வரை கால்வாய்களில் எந்தப் படகும் மணிக்கு ஐந்து மைலுக்கு மேல் போகக் கூடாது. வாரியத்திடம் காவல் படகு இருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை.

"ஈக்ரெட் கால்வாய் உங்களுக்கு மூலைமுடுக்கெல்லாம் தெரியும், டெல்ஃபினா. ஆனா..." என்று தொப்பியைத் திருப்பினார். "கோர்டன் தீவுக் கரையையும் சேர்த்துக் காவல் காக்கணும்."

கோர்டன் தீவு வேட் டன்லப்புடையது. அதனால்தான் அந்த இழுவை.

அவர் முடிப்பதற்குள் சரி என்றேன். அடுப்படியில் நின்றிருந்த லினோ திரும்பிப் பார்த்தான். முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவனுக்கு என் குரல் தெரியாதா?

ஆமாம், டன்லப்பைப் பிடிக்கத்தான். வேறு எதற்கு?

பிப்ரவரி 9

முதல் நாள். சிவப்பு விளக்கு, ஹாரன், ஒரு பதிவேடு. வேகமாகப் போகிறவனின் படகு எண்ணைக் குறித்துக் கொடுத்தால் மீதியை ஷெரீப் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

காலையில் மீன் பிடிக்க வந்த ஒரு தடியனை நிறுத்தினேன்.

"ஏம்மா, அஞ்சு மைலா? அந்த வாத்து என்னைத் தாண்டிப் போய்ட்டு திரும்பிப் பாத்து சிரிக்குது!"

"சிரிக்கட்டும். வாத்து போனா கரை இடியாது. நீ போனா இடியும்."

"தண்ணிதானேம்மா இது?"

"தண்ணிதான். ஊறின ரொட்டி மாதிரி இருக்கு கரை. போட்டிருக்கற கல்லெல்லாம் முழுகிப் போச்சு, மேல வெறும் மண்ணு. உன் படகு கிளப்புற ஒவ்வொரு அலையும் ஒரு வாய் கடிச்சுட்டுப் போகும். நீ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவே. இங்க இருக்கறவன் எங்க போவான்?"

முணுமுணுத்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தான். எங்கே போகிறாய் என்று கேட்டேன். ஷெல்பி ஏரிக்காம், அங்கேதான் கெண்டை நன்றாக விழுமாம்.

ஷெல்பி ஏரி! பதினோரு வருஷத்துக்கு முன்னால் அது ஷெல்பி தீவு. இங்கே தீவு என்றால் கால்வாய் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம், சுற்றிலும் மண்கரை. எங்கள் தீவு. எங்கள் பேரிக்காய்த் தோப்பு. உடைப்பெடுத்த பிறகு யாரும் தண்ணீரை இறைக்கவில்லை. இன்றைக்கு என் சமையலறைக்கு மேலே படகை நிறுத்தித் தூண்டில் போடுகிறார்கள்.

பிப்ரவரி 10

அன்று நடந்ததை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இத்தனை வருஷமாக வாயால் சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்கள் கொட்டாவி விட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதும் இதே போல வெள்ளம். நானும் லினோவும் கரைமேல் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். டன்லப் புதுப் படகு வாங்கியிருந்தான். அதில் நான்கு நண்பர்கள், பீர், பாட்டு. எங்கள் கரையை ஒட்டிப் போனான், வந்தான். ஏழு தடவை. நான் எண்ணினேன். தொண்டை கிழியக் கத்தினோம், கையை ஆட்டினோம். அவன் பீர் டப்பாவைத் தூக்கிக் காட்டினான். அரைமணி நேரத்தில் எங்கள் காலுக்குப் பத்தடி தள்ளிக் கரை சரிந்தது. சத்தமே இல்லை. கேக்கை வெட்டி நகர்த்தியதுபோல இருந்தது. சாயங்காலம் வீட்டுக் கூரை மட்டும்தான் தெரிந்தது.

விசாரணையில் அவன் சொன்னது: "ஒரே தடவைதான் போனேன், மெதுவாத்தான் போனேன். கரையில யாரும் கத்தினது எனக்குக் கேக்கல." அவனுடைய நண்பர்களும் அதையே சொன்னார்கள். நிபுணர் வந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்த காரணம்: கரைக்குள் தரை அணில் தோண்டிய வளை.

அணில்!

இப்போது அந்த டன்லப் வாரியத்தில் உறுப்பினர். கரைப் பாதுகாப்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசுகிறான்.

பிப்ரவரி 11

இன்று அவன் படகு வந்தது. பின்னாலேயே போனேன், ஒரு மணி நேரம். ஐந்து மைல், ஐந்து மைல், நாலே முக்கால். ஆறு போடுடா, ஒரே ஒரு தடவை ஆறு போடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். போடவில்லை. துறையில் இறங்கித் தொப்பியைத் தொட்டுக் கும்பிடாத குறையாக வணக்கம் சொன்னான். கடன்காரன். பாவி. என்ன பணிவு வேண்டிக்கிடக்கிறது அவனுக்கு?

பிப்ரவரி 12

லினோவுடன் சண்டை.

டன்லப்பின் இரண்டு பம்புகள் நின்றுவிட்டனவாம். நாளையிலிருந்து லினோ போய்ச் சரி செய்யப் போகிறானாம்! என்னிடம் கேட்கக்கூட இல்லை, பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொல்கிறான்.

"அவன் பம்பைத் தொட்ட கையோட என் பக்கம் வராதே."

"அந்தத் தீவுல அவன் மட்டுமா இருக்கான், டெல்ஃபி? பதினாலு வீடு இருக்கு."

"நம்ம தீவுல எத்தனை வீடு இருந்துச்சு? அப்ப யாரு வந்தா?"

"யாரும் வரல. அதனாலதான் போறேன்."

தட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இவனுக்கு ரத்தம் ஓடுகிறதா, வெறும் கீரைச் சூப்பா?

பிப்ரவரி 13

தண்ணீர் பன்னிரண்டு அடி. கோர்டன் கரையில், வளைவுக்கு அடுத்தாற்போல் ஓர் இடம் மெத்தென்று இருக்கிறது. புல் சாய்ந்து கிடக்கிறது. மத்தியானம் பார்த்தேன். சாயங்காலம்தான் மிஸ்டர் இனாபாவிடம் சொன்னேன்.

நடுவில் நான்கு மணி நேரம். வேலை இருந்தது என்று எழுதலாம். இருக்கவில்லை.

பிப்ரவரி 14

மழை. ஐந்து படகு, ஐந்து எண். டன்லப் இல்லை.

பிப்ரவரி 15

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை பதினொன்று இருக்கும். வளைவில் நின்றிருந்தேன். கிழக்கிலிருந்து இரண்டு படகு. நகரத்துப் பையன்கள், வெள்ளம் பார்க்க வந்தவர்கள், ஒருவன் நின்றுகொண்டு படம் பிடிக்கிறான். முப்பது மைலுக்குக் குறையாது. நேராகக் கோர்டன் கரைப் பக்கம் போகிறார்கள்.

ஹாரன் பொத்தான்மேல் என் விரல் இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஆமாம். எடுத்துவிட்டேன். சிவப்பு விளக்கையும் போடவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

அலை கரை உச்சியில் ஏறி அந்தப் பக்கம் வழிந்தது. இரண்டாவது அலைக்கு, அந்த மெத்தென்ற இடத்தில் ஒரு ட்ரக் அளவுக்கு மண் அப்படியே உட்கார்ந்தது. டன்லப் ஓடி வந்தான். கையை ஆட்டுகிறான். கத்துகிறான். எனக்குக் கேட்கவில்லை. வாய் திறந்து திறந்து மூடுவதுதான் தெரிந்தது.

நன்றாக இருந்தது. பொய் எழுத மாட்டேன். பதினோரு வருஷத்தில் அவ்வளவு நன்றாக எதுவுமே இருந்ததில்லை. சத்தியமாகச் சிரித்தேன்.

அப்போது அவனுக்குப் பின்னால் ஓர் ஆள் தோளில் மண்மூட்டையோடு கரையேறி வந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடக்கும் நடை.

லினோ. என் லினோ. பம்புக் கொட்டகையில் இருப்பான் என்று... இல்லை. அதுவும் பொய். அவன் அந்தத் தீவில் இருக்கிறான் என்பதே எனக்கு நினைவு வரவில்லை. காலையில் அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுக்காமல் அனுப்பியவள் நான். எப்படி மறந்தேன்?

அவன் நேராகப் போய் அந்தச் சரிவின் உள்ளே இறங்கினான். தண்ணீருக்கும் மண்ணுக்கும் நடுவில்.

பையன்கள் அந்தக் கோடியில் படகைத் திருப்பினார்கள். மறுபடி வரப் போகிறார்கள். எஞ்சினை எப்படிக் கிளப்பினேன், எப்படிக் கால்வாய்க்குக் குறுக்கே படகை நிறுத்தினேன், தெரியவில்லை. விளக்கு, ஹாரன், என் தொண்டை, எல்லாம் சேர்ந்து அலறின. முதல் படகு என்மேல் மோதுவதற்கு ஆறடி இருக்கும்போது நின்றது.

"பைத்தியமா உனக்கு? சாகணுமா?" என்றான் ஒருவன்.

"இறங்கு! வந்து மூட்டை தூக்கு! தூக்கலேன்னா இங்கயே முக்கிடுவேன்!"

பயந்துவிட்டார்கள். வந்து தூக்கினார்கள், பாவம். எல்லோருமாகப் பிளாஸ்டிக் விரித்து, மூட்டை அடுக்கி, இருட்டுவதற்குள் கரை நின்றுவிட்டது. டன்லப் மூட்டையை எடுத்து என் கையில் கொடுக்க, நான் லினோவிடம் கொடுத்தேன். மூன்று மணி நேரம். அவன் கை, என் கை, லினோ கை.

பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை.

பிப்ரவரி 17

டன்லப் வீட்டுக்கே வந்தான். வாசலிலேயே நின்றான்.

"உங்களாலதான் என் தீவு இன்னிக்கு இருக்கு. படகைக் குறுக்கே போட்டீங்களே, அதை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

நான் தலையை ஆட்டினேன்.

போகத் திரும்பியவன் நின்றான். "இன்னொண்ணு சொல்லணும். அன்னிக்கு... ஷெல்பி கரையில நீங்க கத்தினீங்களே. எனக்குக் கேட்டுச்சு."

"என்ன?"

"கேட்டுச்சு. முந்தாநாள் அங்க நின்னு நான் கத்தினேன் பாருங்க, அப்பலேருந்து அது காதுலயே இருக்கு. இதை வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல."

கிழவன் அழுதான். என் வாசலில் நின்று அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை. இரக்கமா? யாரிடமும் சொல்ல மாட்டானாம்! என்னிடம் இறக்கி வைத்துவிட்டு லேசாக வீட்டுக்குப் போவானாம். ராத்திரி நிம்மதியாகத் தூங்குவானாம்.

கேட்டிருக்கிறது. கேட்டும் டப்பாவைத் தூக்கிக் காட்டியிருக்கிறான்.

பிப்ரவரி 20

மார்ச் 2 அன்று வாரியக் கூட்டம். சரிவு எப்படி ஏற்பட்டது என்று கேட்பார்கள். பதிவேட்டில் அந்த இரண்டு படகும் ஏன் இல்லை என்றும் கேட்பார்கள். டன்லப் எனக்காகப் பேசப் போகிறானாம், மிஸ்டர் இனாபா சொன்னார். பாராட்டுப் பத்திரம்கூட உண்டாம்.

என்ன சொன்னால், என் வாசலில் சொன்னதை அவனை அங்கேயும் சொல்ல வைக்கலாம்? இரண்டு நாளாக இதே யோசனை. ஒரே வழிதான் தெரிகிறது. அதில் நானும் எரிவேன். எரிந்தால் என்ன?

மார்ச் 2

அறையில் முப்பது பேர் இருந்தார்கள். லினோ பின்வரிசையில் இருந்தான். இதை அவனிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டன்லப் எழுந்து என்னைப் புகழ்ந்தான். அவன் முடித்ததும் நான் எழுந்தேன்.

"அந்தப் படகுங்க ரெண்டு தடவை வந்துச்சு. முதல் தடவை நான்தான் விட்டேன். ஹாரன்ல விரல் இருந்துச்சு, எடுத்துட்டேன். வேணும்னேதான். டன்லப் கரை போகட்டும்னு."

மிஸ்டர் இனாபாவின் பேனா காகிதத்திலேயே நின்றுவிட்டது.

டன்லப்தான் முதலில் பேசினான். "நான் நன்றி சொன்னப்ப தலையாட்டினீங்களே?"

"ஆட்டினேன். அதுவும் பொய். எழுதிக்கோங்க, மிஸ்டர் இனாபா. காவல் வேலையையும் எடுத்துக்கோங்க. என் பங்கு முடிஞ்சுது." அவனைப் பார்த்தேன். "இப்ப நீ சொல்லு. என் வாசல்ல சொன்னியே, அதை இங்க சொல்லு."

அவன் முகம் வெளுத்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். நான் உட்காரவில்லை. அவன் சொல்லும்வரை உட்கார மாட்டேன் என்பது அவனுக்குத் தெரிந்தது, எல்லோருக்கும் தெரிந்தது.

சொன்னான். ஏழு தடவை என்றான். கத்தினது கேட்டது என்றான். விசாரணையில் நண்பர்களைப் பொய் சொல்லச் சொன்னதும் தான்தான் என்றான். கடைசியில் சத்தமே வரவில்லை. மிஸ்டர் இனாபா, "கொஞ்சம் உரக்க, வேட்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை என்றும் மறக்க மாட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். லினோவின் நாற்காலி காலியாக இருந்தது.

மார்ச் 3

லினோ தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டான். எழுதி வைத்த சீட்டு எதுவும் இல்லை.

மார்ச் 11

வாரியம் பழைய அறிக்கையில் அணிலை அடித்துவிட்டு, 'உயர் வெள்ளத்தில் அதிவேகப் படகு' என்று எழுதியிருக்கிறது. நகல் வந்தது. டன்லப் உறுப்பினர் பதவியிலிருந்து விலகிவிட்டான். காவல் படகையும் என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நியாயம்தான்.

நகலை நான்கு தடவை படித்தேன். படித்துக் காட்ட ஆள் இல்லை.

மார்ச் 12

சூப் வைத்தேன். பழக்கத்தில் இருவருக்கு.

மார்ச் 19

தண்ணீர் எட்டடிக்கு இறங்கிவிட்டது. வேகக் கட்டுப்பாட்டை நாளை எடுக்கிறார்கள்.

மத்தியானம் லினோ வந்தான். பம்பு கழற்றும் ஸ்பானர் செட்டை எடுக்க வந்தேன் என்றான். எடுத்தான். போகவில்லை. பூட்ஸைக் கழற்றாமலே மேஜை முன் உட்கார்ந்தான். சூப் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாவது கிண்ணமும் கொடுத்தேன்.

"நான் அங்க நின்னது உனக்குத் தெரியுமா, டெல்ஃபி?"

"தெரியாது. நினைப்பே வரல."

"நினைப்பு வந்திருந்தா?"

"அடிச்சிருப்பேன். ஹாரன் உடையற மாதிரி."

கரண்டியை வைத்தான். "டன்லப் மட்டும் நின்னிருந்தா?"

அப்போதும் அடித்திருப்பேன் என்று இவனிடம் சொல்லிவிடலாம். அதைத்தான் கேட்க வந்திருக்கிறான்.

"அடிச்சிருக்க மாட்டேன்" என்றேன். "அன்னிக்கு அடிச்சிருக்க மாட்டேன். இன்னிக்கு என்னைக் கேட்டா, தெரியல, லினோ."

கிண்ணத்தில் மிச்சமிருந்த சூப்பைக் குடித்து முடித்தான். பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.